நாலு வெட்டுக் கட்டை

அத்தியாயம் 7

"போட மாட்டேன். எனக்க கையை வெட்டி எடுத்துட்டுப் போயி அவனுவளே போட்டுக்கிடட்டும்" என்றார் தேவசுந்தரம்.

"கைய மட்டும் கொண்டுபோனா பேனாவ யாரு மாமா புடிப்பா?" என்றான் ஆல்டோ.

யாரும் சிரிக்கவில்லை. ஷார்ஜாவின் முவைலா பகுதியில் அந்தத் தொழிலாளர் கேம்ப் ரூமில் சிரிப்பு ஸ்டாக் தீர்ந்து சில நாள் ஆகியிருந்தது. தேவசுந்தரம் கீழ்க் கட்டிலில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். தலையணை மேல் ஒரு தாள். தான் செய்த தப்பைத் தானே ஒப்புக்கொள்வதாக ஆங்கிலத்தில் டைப் அடித்து, அடியில் ஒரு கோடு போட்டு, ஒரு பேனாவையும் சேர்த்துக் கம்பெனி கொடுத்து அனுப்பியிருந்தது. கோட்டுக்கு மேலே காலி இடம். அந்தக் காலி இடத்துக்காகத்தான் இத்தனை ரகளையும்.

எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து தாளை இரண்டாம் முறை படித்தாள் பிரபாவதி. மதுரைக்காரி. ஷார்ஜாவில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களை மோப்பம் பிடிப்பது அவள் வேலை. லீவு நாளில் ஊரார் வம்பை விலைக்கு வாங்குவது அவள் வியாதி என்று கணவர் உமாபதி சொல்லுவார். அவர் சொல்வதில் தப்பில்லை, இன்றைக்கு சனிக்கிழமை.

ஆல்டோ குளச்சல் கடற்கரைக்காரன், பல்செட் செய்யும் லேபில் டெக்னீஷியன். அந்த லேபில் தீப்பிடித்ததை விசாரிக்க வந்த பிரபாவதி, தீயை வைத்ததே முதலாளிதான் என்று கண்டுபிடித்துவிட்டுப் போனாள். முதலாளி உள்ளே போனார், லேப் கை மாறியது, அன்றிலிருந்து ஆல்டோ அவளுக்குக் கார் ஓட்டுகிறான். சம்பளம் கிடையாது. வாயை மூடு என்று சொல்லக் கூடாது, அது ஒன்றுதான் ஒப்பந்தம். இந்தக் கேஸைப் பிடித்து வந்ததும் அவன்தான். தேவசுந்தரம் அவன் கடற்கரையில் படகு கட்டிக்கொண்டிருந்த ஆள், இங்கே ஒரு ஜாயினரி கம்பெனியில் தச்சர்.

"இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே. துப்பாக்கிக்கு என்ன ஆச்சு?" என்றாள் பிரபாவதி.

"துப்பாக்கிய நான் கண்ணாலயே பாக்கல மேடம். எனக்கிட்ட வந்தது கட்ட மட்டும்."

அது இந்த நாட்டுக்காரியான ஆமிரா என்ற அம்மாளின் துப்பாக்கி. கம்பெனிக்கு உள்ளூர் ஸ்பான்சரான கஃபீல் அவர்தான், வீடு புஜைராவில். ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ளிச் சுடுகிற பழைய பட்டாளத்துச் சாமான், அவருடைய அப்பா விட்டுப் போனது. குடும்பக் கல்யாணத்தில் யாரோ கைதவறிப் போட்டதில் குழலைத் தாங்கும் மரக்கட்டையின் கழுத்தில் விரிசல் விட்டுவிட்டது. லைசென்ஸ்படி குழலும் விசையும் சேர்ந்த இரும்புப் பாகம் வீட்டை விட்டு நகரக் கூடாது. அதனால் இரும்பைக் கழற்றிப் பெட்டியில் பூட்டிவிட்டு, கட்டையை மட்டும் ஷார்ஜாவுக்கு அனுப்பினார் ஆமிரா. கட்டை, மேனேஜர் சதீஷ்குமார் வழியாகத் தேவசுந்தரத்திடம் வந்தது.

"மாத்துக் கட்ட வேணும்னாரு மேனேஜர். மாத்து எதுக்கு சார், இதையே ஒட்டிரலாம்னேன். தடமே தெரியாம ஒட்டுனேன், காஞ்சப்புறம் அவருக்க கையில குடுத்தேன். பாலிஷுக்குன்னு வாங்கிட்டுப் போனாரு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"அவர் என்ன சொல்றாரு?"

"நான் ஒட்டவே இல்லியாம். களவாண்டு வச்சிருந்து, மாட்டிக்கிடுவோம்னு கழிவு மரத்தோட போட்டு எரிச்சிட்டனாம். அவரு வெளிநாட்டுலேருந்து மாத்துக் கட்ட தேடிக் கொண்டாந்து மாட்டிக் குடுத்து கம்பெனி மானத்தக் காப்பாத்துனாராம். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள நான் ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டா ஊருக்கு டிக்கெட்டு. இல்லேன்னா திருட்டுக் கேசு."

"ஊருக்குப் போனாப் போதும்னு போட்டுட்டுப் போயிரலாமே?"

தேவசுந்தரம் அவளை நிமிர்ந்து பார்த்தார். பார்வையில் கோபம் அப்படியே தெரிந்தது.

"எனக்க மவ ஷிஜி சவுதியில தம்மாமுல நர்ஸு. அவளும் நேத்து இதத்தான் சொன்னா. 'கேசு வந்தா உங்கள உள்ள வெச்சிருவாங்கப்பா, போட்டுட்டு வந்துருங்க'ன்னு ஒரே அழுவ. போட்டா நான் வெளிய வந்துருவேன். ஆனா அப்பன் களவாணின்னு அவளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்லா? மாட்டேன் மேடம். உள்ள போனாலும் நான் நானாத்தான் போவேன்."

ஆல்டோ சட்டைப் பையிலிருந்து மெழுகுக் கத்தியை எடுத்து நகத்தை நோண்ட ஆரம்பித்தான். பல்செட்டுக்கு மெழுகு செதுக்கும் சின்னக் கத்தி அது, நுனி ஊசி மாதிரி இருக்கும். அவன் அதால் ஆரஞ்சு உரிப்பான், செருப்புக்கு ஓட்டை போடுவான், ஒருமுறை பிரபாவதியின் கார் கதவையே திறந்திருக்கிறான்.

"அதை உள்ள வை, அசிங்கமா இருக்கு" என்று எழுந்தாள் பிரபாவதி. "அண்ணே, இப்ப மாட்டியிருக்கிற புதுக் கட்டைய நீங்க பாத்தீங்களா?"

"அந்த வீட்டுப் பக்கமே விடல."

"சரி. பழைய கட்டை எங்க போச்சுன்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. நாம புதுக் கட்டை எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேப்போம். இந்த நாட்டுல உக்காந்துக்கிட்டு பழைய பட்டாளத்துத் துப்பாக்கிக்கு மாத்துக் கட்டை தேடிப் பிடிக்கிறது என்ன கடையில பிரட் வாங்குற மாதிரியா? நீங்களும் கிளம்புங்கண்ணே, வண்டில உக்காருங்க."

தேவசுந்தரம் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பேனாவைக் கட்டிலிலேயே விட்டுவிட்டார்.

*

ஜாயினரியில் சனிக்கிழமை என்ற பேச்சே இல்லை. ஏதோ ஒரு ஹோட்டலுக்குக் கதவுகளை ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டதாம், வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒரு நேபாளி கையில் சிவப்பு ஸ்டிக்கர் சுருளோடு ஒவ்வொரு கதவாகத் தடவிக்கொண்டு போனான். கீறல், பள்ளம், பொத்தல், எது கண்ணில் பட்டாலும் அங்கே ஒரு சிவப்புப் பொட்டு. அவன் பின்னாலேயே பட்டி டப்பாவோடு இன்னொருவன். பொட்டு இருந்த இடத்தில் பட்டியை அடைத்து, தேய்த்து, கலர் தொட்டு, பொட்டை உரித்துப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனான். அவ்வளவுதான், அங்கே கீறல் இருந்ததாகக் கதவுக்கே ஞாபகம் இருக்காது.

ஆல்டோ வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்ததில் பின்னால் யாரோ முதுகில் தட்டினார்கள். திரும்பினான். நேபாளி பல்லைக் காட்டிவிட்டு நகர்ந்தான். நல்ல பல், நம்ம லேபுக்கு வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டு ஆல்டோ மேனேஜர் ரூமுக்குள் நுழைந்தான்.

"வாங்க மேடம், உக்காருங்க. சுலைமானி டீ சொல்லட்டுங்களா?" கோயம்புத்தூர் மரியாதை சதீஷ்குமாரின் வாயில் வழிந்தது. "தேவசுந்தரம் நல்ல மனுசனுங்க. வயசாச்சுங்க, புத்தி தப்பிப் போச்சு. ஒத்துக்கிட்டார்னா நானே ஏர்போர்ட்ல கொண்டுபோய் விட்டுருவேனுங்க."

"புதுக் கட்டை எங்க கிடைச்சுது?"

"அதுங்களா... லண்டன்ல ஒரு ஃப்ரெண்டுங்க. பழைய ராணுவச் சாமான் சேக்கறவரு. கேட்டனுங்க, குடுத்துட்டாரு."

"பார்சல்ல வந்துச்சா?"

"இல்லீங்க, இங்க வந்த ஒருத்தரு கைல குடுத்து விட்டாருங்க."

"அவரைப் பாக்கலாமா?"

"அவரு திரும்பிப் போயிட்டாருங்க."

"அதாவது, பேரில்லாத ஒருத்தரு குடுத்தத, ஊரில்லாத ஒருத்தரு கொண்டாந்தாரு" என்றான் ஆல்டோ. "கடவுளு நேராட்டு எறங்கி வந்து செஞ்ச மாதிரில்லா இருக்கு."

சதீஷ்குமார் அவனைக் கவனிக்காத மாதிரி சிரித்தான்.

"மாட்டினது யாரு?" என்றாள் பிரபாவதி.

"நானேதாங்க, என்ற கையால. புஜைராவுல அந்தம்மா வீட்டுலயே வெச்சுங்க. இரும்பை எடுத்துக் குடுத்தாங்க, கட்டையில வெச்சு ரெண்டு திருகாணி முறுக்கினேன். ஜம்முனு உக்காந்துருச்சுங்க. அந்தம்மா ஊத்திக் குடுத்த காவா காப்பி கூட ஆறலீங்க." அவன் கண்ணாடிக்கு வெளியே கதவு வரிசையைக் காட்டினான். "நம்ம கம்பெனி பேரு அப்படிங்க மேடம். ஒரு கீறலோட ஒரு துண்டு மரம் இந்த கேட்டைத் தாண்டாதுங்க."

"சந்தோஷம்."

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் இருக்குதுங்க. நீங்களும் அவருக்கு நல்லபடியா எடுத்துச் சொல்லுங்க."

"எனக்கு அவ்வளவு நேரம் வேண்டாம். இன்னைக்கு சாயங்காலம் போதும்" என்று எழுந்துவிட்டாள் பிரபாவதி.

வெளியே வந்ததும் ஆல்டோ கேட்டான்: "அக்கா, சாயங்காலம்னு எந்த தைரியத்துல சொன்னிய?"

"எனக்கே தெரியலடா. அந்தச் சிரிப்பைப் பாத்ததும் வாயில வந்துருச்சு."

*

கௌஸ் முகம்மதுவின் கடை ஷார்ஜாவின் பழைய மார்க்கெட் பக்கம். வாணியம்பாடிக்காரர். இங்கத்திய கல்யாணங்களில் யோலா ஆட்டம் ஆடும் பையன்கள் கையில் சுழற்றி வானத்தில் எறிந்து பிடிப்பார்களே, அந்த மரத் துப்பாக்கிகளைச் செய்து விற்கிறார். நிஜத் துப்பாக்கியின் கட்டை பற்றிக் கேட்பதற்கு இவரை விட்டால் வேறு ஆள் இல்லை என்று மார்க்கெட்டில் மூன்று பேர் கைகாட்டியிருந்தார்கள்.

"பழைய மிலிட்டரி துப்பாக்கிக்கு மாத்துக் கட்டை கிடைக்குமா பாய்?"

"கெடைக்கும்மா. ஏன் கெடைக்காது? தேடினா இங்கயே கெடைக்கும், வெளிநாட்டுலேந்தும் வரும். கெடைக்கிறது இல்ல பிரச்சினை. கெடைச்சப்புறம் தான் பிரச்சினையே."

"என்ன பிரச்சினை?"

"உக்காராது." அவர் ஒரு கட்டையைத் தூக்கி, குழல் உட்காரும் பள்ளத்தில் விரலை ஓட்டிக் காட்டினார். "ஒரே ஃபேக்டரி, ஒரே வருசம் செஞ்சதா இருக்கட்டும். இதோட கட்டை அதுக்கு நேரா உக்காராது. இரும்புல மசி தடவணும், கட்டையில வெச்சு எடுக்கணும். மசி எங்க ஒட்டுதோ அங்க சுரண்டணும். திரும்ப மசி, திரும்ப சுரண்டல். எத்தினி நாளு இழுக்கும்னு அல்லாவுக்குத்தான் வெளிச்சம். அதனால யார் வந்தாலும் நான் ஒண்ணுதான் சொல்லுவேன். இரும்பக் கொண்டா, அப்புறம் கட்டையப் பத்திப் பேசலாம். இரும்பு இல்லேன்னா வேலையும் மாஃபி."

"எங்க பல்செட்டு மாதிரியேல்லா இருக்கு பாய்!" ஆல்டோவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "வாய் வராம பல்லு வராது. வச்சுப் பாத்து, தேச்சு, திரும்ப வச்சு, திரும்ப தேச்சு, கஸ்டமரு நம்ம அம்மையத் திட்டுற வரைக்கும் போவும். மொத தடவையே கச்சிதமா உக்காந்த செட்டு எனக்க சர்வீஸுல ஒண்ணே ஒண்ணுதான். அஜ்மான்ல ஒரு பெரியவரு, பழைய செட்டு தொலஞ்சு போச்சுன்னு புதுசு கேட்டாரு. செட்டு எங்கயும் போவல, நம்ம லேபுலயே மறந்து வச்சிட்டுப் போயிருக்காரு. வேலைக்கு வந்த புதுப்பய தெரியாம அதையே கழுவி, பாலிஷ் போட்டு, டப்பால வச்சிக் குடுத்துட்டான். பெரியவரு மாட்டிப் பாத்துட்டு, மாஷா அல்லா, என்ன ஃபிட்டிங்னு எனக்கு முத்தம் குடுத்தாரு!"

கௌஸ் முகம்மது வயிறு குலுங்கச் சிரித்தார். பிரபாவதி சிரிக்கவில்லை. ஆல்டோவையே உற்றுப் பார்த்தாள்.

"ஏங்க்கா அப்பிடிப் பாக்குதிய? முத்தம் கன்னத்துலதான்."

"ஆல்டோ, நீ பேசுறதை நிறுத்தவே நிறுத்தாத. வண்டிய எடு, புஜைராவுக்கு."

காரில் ஏறியதும் அவள் இரண்டு போன் செய்தாள். முதல் போன் ஆமிராவுக்கு. வந்து பார்க்கலாமா என்று அனுமதி கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி: இரும்பு ஒரு தடவையாவது வீட்டை விட்டு வெளியே போனதா, யாராவது வந்து அளவெடுத்தார்களா? இல்லை, பெட்டிச் சாவி என்னிடம்தான், மேனேஜர் வந்து கட்டையை மாட்டும்வரை யாரும் தொடவில்லை என்றார் ஆமிரா. இரண்டாவது போன் சதீஷ்குமாருக்கு.

"பழைய கட்டை கிடைச்சிருச்சு. ஆமிரா மேடம் வீட்டுக்கு வந்துருங்க."

அவள் போனை வைத்துவிட்டாள்.

பின் சீட்டிலிருந்து தேவசுந்தரம் மெதுவாகக் கேட்டார்: "எரிஞ்சதா சொன்ன கட்ட எப்பிடி மேடம் கெடச்சுது?"

"எரியலைன்னா கிடைக்கும்தானண்ணே" என்றாள் பிரபாவதி. மலைகளைத் தாண்டி புஜைரா வரும்வரை அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆல்டோவுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

*

விருந்தாளிகளை உட்காரவைக்கும் ஆமிராவின் மஜ்லிஸ் கூடத்துச் சுவரில் துப்பாக்கி மாட்டியிருந்தது. இரும்பு மங்கிப் பழசாக இருந்தது, கட்டை மட்டும் கரும் பழுப்பில் பளபளவென்று மின்னியது.

"ஹோட்டல் கதவு மாதிரி இருக்கிறது" என்றார் ஆமிரா. ஐம்பதைத் தாண்டியவர், பேச்சில் சுற்றிவளைப்பு இல்லை. பேசியது ஆங்கிலம், நடுநடுவே இந்தி. "பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக வருகிறது. உட்காருங்கள்."

பிரபாவதியும் ஆல்டோவும் மெத்தையில் உட்கார்ந்தார்கள். தேவசுந்தரம் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். ஆமிரா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பிரபாவதி உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டாள்.

"மேடம், உங்கள் அப்பாவின் கட்டையைக் கடைசியாகச் சரிசெய்தவர் இவர். இவர் நின்றால் நானும் நிற்பேன்."

ஆல்டோவும் எழுந்தான். கையில் எடுத்த பேரீச்சம்பழத்தைத் திரும்ப வைக்க மனசில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டான். ஆமிராவின் முகம் ஒரு கணம் கடுத்தது. பிறகு, உட்காரச் சொல்லி தேவசுந்தரத்துக்குக் கை காட்டினார்.

"அந்தக் கட்டையில் அப்படி என்ன இருந்தது?" என்று கேட்டாள் பிரபாவதி.

"நாலு வெட்டு. எங்கள் குடும்பத்தில் மகன் பிறந்தால் வானத்தைப் பார்த்துச் சுடுவார்கள். மகள் பிறந்தால் சத்தமே இருக்காது. என் அப்பாவுக்கு நாலும் மகள்கள். நாலு தடவையும் சுட்டார். பெரியப்பாக்கள் எல்லாம் சிரித்தார்களாம். சிரிப்பு அடங்குவதற்குள் கத்தியை எடுத்துக் கட்டையில் ஒரு வெட்டு வெட்டிக் காட்டுவாராம், மறக்காமல் இருங்கள் என்று." ஆமிரா நிறுத்தினார். "நாலாவது வெட்டு நான். அதைத்தான் இந்த ஆள் அடுப்பில் போட்டார் என்று எனக்குச் சொன்னார்கள்."

"இவரிடம் கேட்டீர்களா?"

"மேனேஜர் சொன்னார்."

"இவரிடம் கேட்டீர்களா மேடம்?"

ஆமிரா தேவசுந்தரத்தைத் திரும்பிப் பார்த்தார். கஃபீலிடம் இப்படிக் கேட்கிற ஆளை ஆல்டோ இந்த நாட்டில் இதுவரை பார்த்ததில்லை. பயமாகவும் இருந்தது, கை தட்டவும் தோன்றியது. அந்த நேரத்தில்தான் சதீஷ்குமார் உள்ளே வந்தான். ஏசி காரில் வந்தவனுக்கு அத்தனை வேர்வை வரக் கூடாது.

"பழைய கட்டை கிடைத்துவிட்டது என்றீர்களே, எங்கே?" என்றார் ஆமிரா.

"அதோ" என்று சுவரைக் காட்டினாள் பிரபாவதி.

சதீஷ்குமார் சிரித்தான். "அது நான் மாட்டின புதுசுங்க மேடம்."

"எந்தத் துப்பாக்கிக் கட்டையும் முதல் தடவையே உக்காராது சதீஷ்குமார். இரும்பைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நாள் கணக்காச் சுரண்டணும். இந்த இரும்பு இந்த வீட்டை விட்டு நகரல. உங்க லண்டன் ஃப்ரெண்டு இதைப் பாத்ததே இல்ல. ஆனா நீங்க காவா ஆறுறதுக்குள்ள மாட்டிட்டேன்னு உங்க வாயாலயே சொன்னீங்க. சுரண்டாம அப்படி உக்காரக்கூடிய கட்டை ஒண்ணே ஒண்ணுதான். இத்தனை வருசமா அங்கேயே உக்காந்திருந்த கட்டை."

"அந்த அஜ்மான் பெரியவருக்க பல்செட்டு!" என்று கத்தினான் ஆல்டோ. யாருக்கும் புரியவில்லை, அவன் கவலைப்படவும் இல்லை.

பிரபாவதி அதையே ஆமிராவுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். சதீஷ்குமார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். ஆனால் ஆள் லேசுப்பட்டவன் இல்லை.

"அதிர்ஷ்டங்க, உக்காந்துருச்சு. அது ஒரு சாட்சியாங்க? பழைய கட்டைன்னா நாலு வெட்டு இருக்கோணுமல்லங்க? எங்கீங்க? எடுத்துக் காட்டுங்க, நான் ஒத்துக்கறேன்."

பிரபாவதி அதையும் மொழிபெயர்த்ததும் ஆமிரா துப்பாக்கியைச் சுவரிலிருந்து எடுத்தார். விசைக்குப் பின்னால், வலது பக்கம், அப்பாவின் வெட்டுகள் இருந்த இடம் அவர் விரலுக்குத் தெரியும். தடவினார். கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தது. மறுபடி தடவினார். பிறகு பிரபாவதியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

தேவசுந்தரத்தின் தோள் தளர்ந்தது. காலையிலிருந்து நிமிர்ந்தே இருந்த மனிதர் முதல்தடவையாகக் குனிந்தார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் ஆல்டோ முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"ஆல்டோ" என்றாள் பிரபாவதி. "அப்படியே நில்லு."

"என்னக்கா?"

"உன் முதுகுல என்னடா சிவப்பா?"

அவள் அவன் சட்டையிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கரை உரித்தாள். நேபாளி தட்டிவிட்டுப் போனது. ஸ்டிக்கரை விரல் நுனியில் வைத்துப் பார்த்தவளின் முகம் மலர்ந்தது.

"சரியான இடத்துலதான் ஒட்டியிருக்கான்" என்றாள். பிறகு சதீஷ்குமார் பக்கம் திரும்பினாள். "கீறலோட ஒரு துண்டு மரம் உங்க கேட்டைத் தாண்டாதுன்னு சொன்னீங்கல்ல? நாலு வெட்டோட ஒரு கட்டை பாலிஷுக்குப் போச்சு. உங்க ஆளு கண்ணுக்கு அது நாலு குறை. நாலு சிவப்புப் பொட்டு. அப்புறம் அந்தப் பட்டி டப்பா."

சதீஷ்குமாரின் கைக்குட்டை கீழே விழுந்தது.

"ஆல்டோ, அந்த அசிங்கம் பிடிச்ச கத்திய எடு."

ஆல்டோ ஆமிராவின் முன்னால் மண்டி போட்டான். துப்பாக்கி அவர் மடியில் இருந்தது. அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் மெழுகுக் கத்தியின் நுனியை வைத்து, "வாயத் தொறங்க, வலிக்காது" என்று கட்டையிடம் சொன்னான். பழக்கம் அப்படி. மெதுவாகச் சுரண்டினான். பாலிஷ் உரிந்தது. அதற்கடியில் மரம் வரவில்லை, மாவு மாதிரி ஏதோ உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் நெம்பியதும் ஒரு துண்டு பட்டி துள்ளி வெளியே விழுந்தது. அது விழுந்த இடத்தில் ஒரு வெட்டு. கத்தியால் கோபத்தோடு வெட்டிய ஆழமான வெட்டு.

பக்கத்தில் இரண்டாவது. பிறகு மூன்றாவது. நாலாவதில் ஆல்டோ கத்தியை வைத்தான். ஆமிரா அவன் கையைத் தள்ளிவிட்டு மிச்சப் பட்டியைத் தன் நகத்தாலேயே நோண்டி எடுத்தார். வெட்டில் விரலை வைத்தபடி அழுதார், மறைக்கவில்லை.

"பாலிஷ் முடிஞ்சு வந்தப்பத்தானுங்க பாத்தேன்" என்றான் சதீஷ்குமார். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "வெட்டெல்லாம் அடைஞ்சு போச்சுங்க. நோண்டினா கட்டை கெட்டுப் போயிருமோன்னு பயங்க. அந்தம்மாவோட அப்பா அடையாளத்தை நாங்களே அழிச்சுட்டோம்னு எப்படீங்க சொல்றது? அதான் இது புதுசு, அது எரிஞ்சு போச்சுன்னு..."

"உனக்க வேல போவாம இருக்க அவருக்க மானம் போகட்டும்னு நெனச்ச, இல்லியா?" ஆல்டோ இந்தத் தடவை விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

"எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே சார்" என்றார் தேவசுந்தரம். "ஒரு டீ குடிக்க நேரத்துல எடுத்துக் குடுத்திருப்பேனே."

ஆமிரா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் வந்தார். இந்தியில் பேசினார். "நான் உங்களைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தப்பு என்னுடையது. என்ன வேண்டும், சொல்லுங்கள்."

சதீஷ்குமார் முந்திக்கொண்டான். "அண்ணே, மன்னிச்சுருங்கண்ணே. அந்தத் தாளைக் குடுத்துருங்க, கிழிச்சுப் போட்டுரலாம். இங்கயே முடிச்சு, கலாஸ் பண்ணிக்கலாமுங்க."

தேவசுந்தரம் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார். அவர் முதுகு மறுபடி நிமிர்ந்திருந்தது.

"கிழிக்கக் கூடாது" என்றார். "இது என்னைக் கள்ளனாக்க எழுதுனது. கேம்புல அத்தன பேரும் என்னக் கள்ளனாத்தான் பாக்குதான். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். இதுல எனக்க பேரு இருக்க எடத்துல எல்லாம் இவருக்க பேரப் போட்டு, இவரே வாசிக்கணும். கேம்பு மெஸ்ஸுல, எல்லாரும் சாப்பிட வார நேரத்துல."

பிரபாவதி அதை ஆமிராவுக்குச் சொன்னாள். ஆமிரா கார் சாவியைக் கையில் எடுத்தார்.

"யல்லா, கிளம்பலாம். நானும் வருகிறேன்."

*

முவைலா கேம்ப் மெஸ்ஸில் அன்று சாயங்காலம் தட்டுச் சத்தம் மெல்ல அடங்கியது. சோற்றுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் சதீஷ்குமார் தாளோடு நின்றான். எதிரே கஃபீல் அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாருக்கும் புரியட்டும் என்று இந்தியில் வாசிக்கச் சொன்னார்கள். அவன் வாசிக்க ஆரம்பித்தான். தன் பேர் வரும் இடத்தில் குரல் தேய்ந்து நின்றுவிட்டது.

முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தேவசுந்தரம் போனை எடுத்தார். நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, கையை நீட்டி உயர்த்திப் பிடித்தார். "அப்பா? என்னப்பா ஆச்சு?" என்று ஒரு பெண்குரல் பதறியது.

"ஒண்ணும் ஆவல மக்ளே, அழாம கேளு" என்றார் அவர். பிறகு மேனேஜரைப் பார்த்தார்.

"முதல்லேருந்து வாசிங்க சார். சத்தமா. தம்மாம் வரைக்கும் கேக்கணும்."